சந்தேகத்தின் பேரில் சேர்ந்தவர்

நல்லது செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவரை நீங்கள் நம்புவீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். நான் நம்ப மாட்டேன். டெல்பர்ட் ரக்மன் என்னைவிட மோசம். கதவைத் திறப்பதற்கு முன் சன்னல் திரையை விலக்கி வந்தவருடைய காலணியைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்.

காலணி பார்ப்பது அவருடைய தொழில். காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த வீடுகளை ஆராய்கிற வேலையில் ஒரு வாழ்நாளைக் கழித்தவர். ஓஹையோ ஆற்றின் இரு கரையிலும் அவர் கால் படாத சாம்பல் கிடையாது. வீடு எரிந்துவிட்டது என்று புல்தரையில் நின்று அழுகிறவர்களின் கண்ணீரை அவர் கவனிக்க மாட்டார். தீக்குப் பயந்து ஓடி வந்தவன் வெறுங்காலோடு நிற்பான், நாடாவை ஒழுங்காகக் கட்டிய காலணியோடு நிற்பவனிடம் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கல்யாண ஆல்பம் மட்டும் போன வாரமே தங்கை வீட்டுக்குப் போய்விட்டது என்றால் கேள்வி பத்தாகும்.

இப்படி ஒரு மனிதரை ஊர் எப்படி விரும்பும்? எங்கள் ஊரான காலன்ஸ் லேண்டிங்கில் அவருக்கு நண்பர்கள் என்று யாரும் இல்லை. சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டால் சீட்டுக்கட்டை எண்ணிப் பார்ப்பார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய சந்தேகம் ஏழைகள் மீது மட்டும் பாய்கிற வகை அல்ல. நேர்மையாக எரிந்த வீட்டுக்குக்கூட ஏதாவது காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கப் பார்த்த தன் நிறுவனத்தையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார். மேலாளர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் பிரிவு உபசார விருந்துகூட இல்லாமல் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "விசாரணை முடியல" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கதையில் வருகிற குழந்தை இப்போது இருபது தாண்டிய பெண். எங்களைப் போல நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கொடுத்தவர்கள் குழந்தைகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது. அவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பேரையும் போடச் சொன்னாள். ஜேலின்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் மீன் விருந்து நடக்கும். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசை போட்டுவிடுவார்கள். கெளுத்தி மீன் வறுவல், முட்டைக்கோஸ் கலவை, சோள ரொட்டி. ஊரில் ஓய்வு பெற்ற அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த வருஷம் பரிசுக் குலுக்கலுக்கு முன்னால் ரோவீனா பிக்கெட் என்ற பெண் ஒலிபெருக்கியை வாங்கினார். மாவட்ட நீதிமன்றத்தின் தன்னார்வலர் திட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர் அவர்தான். திட்டம் என்றால் அவரும், ஒரு மேசையும், பழுதாகிப்போன ஒரு நகலெடுக்கும் இயந்திரமும்.

அவர் சொன்னது இதுதான். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகளை அரசு எடுத்து வளர்ப்பு வீடுகளில் விடுகிறது. நீதிமன்றத்தில் தாய்க்கு வக்கீல் உண்டு. அரசுக்கும் உண்டு. குழந்தைகள் துறை அலுவலர் ஒருவர் தன் மீது குவிந்து கிடக்கிற வழக்குகளில் எந்தக் குழந்தைக்கு எந்த முகம் என்றே மறந்துபோய் ஓடிக்கொண்டிருப்பார், வருஷம் முடிவதற்குள் வேலையையும் விட்டுவிடுவார். ஒரே ஒரு குழந்தையை மட்டும் பார்த்து, அதோடு பேசி, அதன் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து, இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதியிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வழக்கு முடியும்வரை மாறக் கூடாது.

"வேலைக்குப் போறவங்களால இது முடியாது" என்றார் ரோவீனா. "எனக்கு ஓய்வு பெற்றவங்கதான் வேணும். உங்ககிட்ட நேரம் இருக்கு. ஊர் சமாச்சாரத்தை மோப்பம் பிடிக்கிற மூக்கும் இருக்கு."

சிரிப்பு எழுந்தது. யாரோ சம்பளம் உண்டா என்று கேட்டார்கள். கிடையாது. பெட்ரோலுக்காவது? அதுவும் கிடையாது. எங்கள் பாதிரியார் எழுந்து, இந்தக் குழந்தைகளுக்காக நாங்கள் ஞாயிறுதோறும் தவறாமல் ஜெபிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் பெட்ரோல் நிலையங்களைவிடத் தேவாலயங்கள் அதிகம். ஒவ்வொன்றிலும் ஜெபப் பட்டியல் உண்டு, அதில் அந்தக் குழந்தைகள் உண்டு. நீதிமன்றத்துக்குப் போன ஜெபம் ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற உதவி, செய்கிறவருக்குத் தூக்கம் வரவழைப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது.

டெல்பர்ட் மூலையில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இதுல யாருக்கு லாபம்?"

"என்னது?"

"அரசாங்கம் பணம் குடுக்குது. வளர்ப்பு வீட்டுக்குப் பணம். விடுதிக்குப் பணம். வக்கீலுக்குப் பணம். குழந்தை வீடு வீடா மாறிக்கிட்டே இருக்குன்னு சொல்றீங்க. மாறினா யாருக்கோ லாபம் இருக்கணுமே, அது யாரு?"

ஆள் சேர்க்கிறவர்கள் வழக்கமாகச் சிரித்து மழுப்புகிற இடம் அது. ரோவீனா மழுப்பவில்லை.

"எனக்குத் தெரியல மிஸ்டர் ரக்மன். நீங்க வந்து கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன்."

அப்படித்தான் அவர் சேர்ந்தார். பரிதாபப்பட்டு அல்ல. திட்டத்தில் என்ன கோளாறு என்று பிடித்து வெளியே போடுவதற்காக. இதை அவர் ரோவீனாவிடமே சொன்னார். அதற்கும் ஒரு ஆள் வேண்டும்தான் என்றார் ரோவீனா.

இப்போது ஊரின் முறை. மனைவி மக்கள் இல்லாத மனிதன், இத்தனை வயதுக்கு மேல் குழந்தைகள் பக்கம் போவானேன் என்று முடி வெட்டும் கடையில் பேச்சு. திட்டத்தின் சார்பில் கைரேகை எடுத்தார்கள், அவர் வேலை பார்த்த இடங்களில் விசாரித்தார்கள், அண்டை வீட்டுக்காரர்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். அவரோடு நானும் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில், இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பாதியில் போனவர்கள் உண்டு. டெல்பர்ட்டுக்குக் கோபம் வரவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். கேக்காம என்னைச் சேத்திருந்தாங்கன்னா நான் அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றார்.

பயிற்சி நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஒரு மாலை ரோவீனா, பழைய பெட்டிகள் இருந்தால் கொடுங்கள், குழந்தைகள் வீடு மாறும்போது துணி வைத்துக்கொள்ள உதவும் என்று கேட்டார். டெல்பர்ட் மூக்கைச் சுளித்தார். குழந்தைக்கு வேண்டியது நியாயம், பயணப் பெட்டி இல்லை என்றார். எனக்கும் அன்று அது சரியென்றே பட்டது. பெட்டி சேகரிப்பது மனசாட்சிக்குச் சுலபமான வேலை என்று நானும் நினைத்தேன். ரோவீனா விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் யாரோ வேறு கேள்வி கேட்டுவிட, பேச்சு திசை மாறியது.

நீதிபதி ஆஷ்பரோ அம்மையார் முன்னால் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தோம். டெல்பர்ட்டுக்குக் கிடைத்தவள் ஜேலின். ஒன்பது வயது. தாய் வலி மாத்திரைக்கு அடிமையாகிச் சிகிச்சை மையத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். ஜேலின் அதற்குள் பல வளர்ப்பு வீடு பார்த்துவிட்டாள். இப்போது மலைச் சாலையில் வில்மா ஸ்கேக்ஸ் வீட்டில் இருந்தாள். வில்மா பள்ளி உணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். எங்கள் ஊர்க் குழந்தைகள் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

டெல்பர்ட்டுக்கு அது ஒரு அத்தாட்சி அல்ல. முதல் நாளே குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். புகை எச்சரிக்கைக் கருவியை அழுத்திப் பார்த்தார். ஜேலினுடைய அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

தன் கணவர் அந்த அறையில் பெயிண்ட் டப்பாவும் ரம்பமும் வைத்திருந்தார், பேரப் பிள்ளைகள் உள்ளே போகாமல் இருக்கப் போட்டது அது என்று வில்மா சொன்னார். டெல்பர்ட் விரலால் தாழ்ப்பாளைத் தடவினார். துருவில்லை. எண்ணெய் போட்டுவைக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டார். வில்மாவின் முகம் இறுகியது.

"வீட்டுக்குத் தீ வெச்சவ மாதிரி பாக்குறியே டெல்பர்ட். உன் அப்பனுக்குக்கூட நான்தான் பள்ளிக்கூடத் திருவிழாவுல சாப்பாடு போட்டேன்."

"சாப்பாடு போட்டதையும் எழுதிக்கிறேன்" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

ஜேலின் அவரோடு அதிகம் பேசவில்லை. ஆமா சார், இல்ல சார். கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடுவார்கள். அவர் விட்டுக்கொடுத்து விளையாட மாட்டார், அது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. மற்ற பெரியவர்கள் எல்லோரும் தோற்றுக்கொடுத்தார்கள். அவர் அவளிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லியிருந்தார். உன்னை எங்கே வைப்பார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில வாரங்களில் அவள் அவரை மிஸ்டர் டெல்பர்ட் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ரோவீனாவின் அலுவலகத்தில் ஜேலினுக்காகக் கனத்த கோட்டும் பனிக் காலணியும் வந்திருந்தன. டெல்பர்ட் அவற்றை எடுத்துக்கொண்டு காலையில் மலைச் சாலைக்குப் போனார். வில்மா கதவைத் திறந்தார். உள்ளே மேசையில் ஜேலின், எங்கள் பக்கம் பிஸ்கட் என்று சொல்கிற மெத்தென்ற ரொட்டியை வெள்ளைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற டெல்பர்ட்டைப் பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து தன் அறைக்குப் போனாள். வரைந்த படம் எதையாவது எடுத்து வரப் போகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வில்மா போய்ப் பார்த்தபோது சன்னல் திறந்து கிடந்தது.

தீயணைப்பு நிலையத்து ஆட்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள், நாங்கள் எல்லோருமாக ஓடை வரைக்கும் தேடினோம். மதியத்துக்கு மேல் படகுத் துறையில், கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில் இருந்தாள். காலுறை மட்டும்தான். காலணி இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஏன் ஓடினாய் என்று கேட்ட யாருக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

டெல்பர்ட் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நடிப்பல்ல, உண்மையான பயம். பயம் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். துருவில்லை. அன்று மாலையே தன் அறிக்கையில் வில்மா மீது விசாரணை வேண்டும் என்று எழுதி அனுப்பினார்.

வில்மாவும் சும்மா இருக்கவில்லை. குழந்தை இவ்வளவு நாள் ஓடவில்லை, இந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் ஓடினாள், அவனை முதலில் விசாரியுங்கள் என்று துறைக்குச் சொன்னார். ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லாதவர்கள் இல்லை. சந்தேகத்துக்கு ஆளாகிக் குழந்தையை வைத்துக்கொள்ள எனக்கு உடம்பில் தெம்பில்லை, அடுத்த விசாரணை வரைதான் இங்கே, அதற்குப் பிறகு வேறு இடம் பாருங்கள் என்றும் வில்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

துறைக்கு இது வசதியாகப் போனது. தன்னார்வலர் வளர்ப்புத் தாயைச் சந்தேகிக்கிறார், வளர்ப்புத் தாய் தன்னார்வலரைச் சந்தேகிக்கிறார். இரண்டில் எது உண்மை என்று தேட யாருக்கு நேரம்? ஓடிப்போகும் குழந்தை என்று ஜேலின் மேல் ஒரு முத்திரை குத்தினார்கள். ஓடுகிற குழந்தைகளுக்கு என்று மாநிலத்தின் மறுகோடியில் ஒரு பூட்டிய விடுதி இருந்தது. அடுத்த விசாரணையில் அவளை அங்கே அனுப்ப உத்தரவு கேட்கப் போவதாகச் சொன்னார்கள். பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சேறு வாரி இறைத்ததற்கு ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பூட்டு. எந்தக் குற்றமும் செய்யாதவரை அடைத்து வைப்பதற்கு நம் மொழியில் ஒரு பெயர் உண்டு. குழந்தையாக இருந்தால் மட்டும் அதற்குப் பராமரிப்பு என்று பெயர் மாறிவிடுகிறது.

ரோவீனா டெல்பர்ட்டை வழக்கிலிருந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆனால் அவரையும் நம்பிவிடவில்லை. குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் நூலகத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மேசையில், தான் பக்கத்து மேசையில் இருக்கும்போதுதான் என்றார். டெல்பர்ட் சரி என்றார்.

காய்களை அடுக்கினார்கள். சில நகர்த்தல்கள் ஆடினார்கள். எரிந்த வீட்டுக்காரர்களிடம் அவர் ஏன் என்று கேட்பதே இல்லை. ஏன் என்று கேட்டால் ஆள் கதை கட்டுவான் அல்லது வாயை மூடிக்கொள்வான். கடைசியாக என்ன பார்த்தாய் என்றுதான் கேட்பார். அன்றும் அப்படியே கேட்டார்.

"சனிக்கிழமை நீ சாப்பிட்டுட்டு இருந்த. கதவு திறந்துச்சு. அப்ப என்ன பாத்த?"

"உங்கள."

"அப்புறம்?"

"பைய."

"எந்தப் பை?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாடம் புரியாத பையனை வகுப்பு ஆசிரியை பார்ப்பதுபோல.

"உங்க கையில இருந்துச்சே, கறுப்புக் குப்பைப் பை. என்னைக் கூட்டிட்டுப் போக வர்றவங்க அதைத்தானே கொண்டு வருவாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க. ஆனா நீங்களும் முன்னாடியே சொல்லல."

பக்கத்து மேசையில் ரோவீனா கண்களை மூடிக்கொண்டார்.

"ஜேலின், அந்தப் பைக்குள்ள உன் கோட்டுதான் இருந்துச்சு" என்றார் டெல்பர்ட்.

"எப்பவுமே என் கோட்டுதான் இருக்கும்."

அவர் கையில் இருந்த காயைப் பலகையில் வைத்தார். பிறகு, வில்மா வீட்டில் இருக்கப் பிடிக்காமலா ஓடினாய் என்று கேட்டார்.

"இருக்கணும்னுதான் ஓடினேன். நான் அங்க இல்லன்னா, பைய மட்டும் எடுத்துட்டுப் போயிருவாங்கல்ல."

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவளை எடுத்தபோது துறை ஆட்கள் கொண்டுவந்தது குப்பைப் பை. பெட்டிக்குச் செலவிட யாருக்கும் தோன்றவில்லை. துணி, பொம்மை, கோட்டு, எல்லாவற்றையும் அதில் அள்ளிப் போட்டு, கழுத்தை முடிச்சுப் போட்டு, வண்டியின் பின்பக்கம் எறிவார்கள். டெல்பர்ட் தன் வண்டியில் கிடந்த ஒன்றை எடுத்துக் கோட்டை அதில் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு வாசலில் போய் நின்றிருக்கிறார். பயிற்சியில் ரோவீனா சொல்ல வந்தது அதைத்தான்.

ஆனால் அவர் டெல்பர்ட். ஒரு குழந்தை சொன்ன ஒரே வார்த்தையை வைத்து முடிவு கட்டிவிட மாட்டார். நேராக மலைச் சாலைக்குப் போனார். வில்மா கம்பிவலைக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார்.

"இன்னும் எதைத் தடவிப் பாக்க வந்த?"

"குப்பையை என்னிக்கு வெளிய வைப்பீங்க?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"சொல்லுங்க வில்மா."

வியாழக்கிழமை என்றார். அப்போது குழந்தை எங்கே இருப்பாள் என்று அவர் கேட்டார். வில்மா ஏதோ திட்டுவதற்கு வாய் திறந்தவர் நிறுத்திவிட்டார். குளியலறையில் என்றார். குப்பையைக் கட்டும்போதெல்லாம் அவள் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள், வயிறு சரியில்லை என்பாள், தானும் வியாழக்கிழமை பள்ளியில் என்ன போட்டார்களோ என்று நினைத்து விட்டுவிட்டதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்துகொண்டு வந்தது. டெல்பர்ட் நூலகத்தில் கேட்டதைச் சொன்னார். வில்மா கதவில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப உன்னைப் பாத்து ஓடல."

"என் கையைப் பாத்து ஓடினா. உங்களைப் பாத்தும் ஓடல. நான் எழுதினது தப்பு."

"தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? எழுதின இடத்துல போய்ச் சொல்லு."

உள்ளே போய்த் திருப்புளி ஒன்றை எடுத்து வந்து, கதவைத் திறந்து நீட்டினார். "அந்தத் தாழ்ப்பாள்தானே உன் கண்ணை உறுத்துச்சு. கழட்டிட்டுப் போ." டெல்பர்ட் கழற்றினார். திருகாணி இருந்த ஓட்டைகளுக்கு மரத்தூள் வைத்து அடைக்கச் சொல்லி வேலை வாங்கினார் வில்மா. ஆனால் குழந்தையைத் தொடர்ந்து வைத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லவில்லை. டெல்பர்ட்டும் கெஞ்சவில்லை. நீதிமன்றத்துக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டார். வில்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணை நாளில் ரோவீனாவோடு நானும் போயிருந்தேன். துறையின் வக்கீல் சுருக்கமாகப் பேசினார். ஓடுகிற குழந்தை, மறுக்கிற வளர்ப்புத் தாய், விடுதியில் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு டெல்பர்ட் எழுந்தார். தன் முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். வியாழக்கிழமையையும் சொன்னார்.

வக்கீல் சிரித்தார். "போன முறை தாழ்ப்பாள். இந்த முறை குப்பைப் பை. அடுத்த முறை என்னங்க?"

"அடுத்த முறை வேற தெரிஞ்சா அதையும் சொல்லுவேன். தெரிஞ்சும் மாத்திக்காம இருக்குறதுதான் கேவலம்" என்றார் டெல்பர்ட். நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். "அந்த வீட்டுல இருந்த எல்லாரையும் நான் சந்தேகப்பட்டேன் அம்மா. ஒருத்தனை விட்டுட்டேன். பையைக் கொண்டுபோனவன் நான். அவ ஓடினதுக்குக் காரணம் நானும், எனக்கு முன்னாடி அந்தப் பையைக் கொண்டுபோன துறையும். அந்தம்மா இல்ல. அந்தப் பொண்ணும் இல்ல. பூட்டணும்னா எங்களைப் பூட்டுங்க."

நீதிபதி ஆஷ்பரோ துறை அலுவலரைப் பார்த்து, குப்பைப் பை உண்மையா என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம்பெண் அவள். உண்மைதான், வேறு எதுவும் எங்களுக்குக் கொடுப்பதில்லை என்றாள். அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நல்லவர்கள் சேர்ந்து ஒரு கொடுமையை எப்படித் தினசரி வேலையாக்கிவிடுகிறார்கள் என்பதற்கு அந்தப் பெண்ணின் முகத்தைவிடச் சாட்சி தேவையில்லை.

பின்வரிசையில் வில்மா இருந்தார். உள்ளே வந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. குழந்தையைத் தொடர்ந்து வைத்துக்கொள்வீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"வெச்சுக்கிட்டா, இந்த ஆளை வீட்டுக்குள்ள விடணுமா?"

"விடணும். அது சட்டம்."

வில்மா டெல்பர்ட்டைப் பார்த்தார். "வெறுங்கையோட வந்தா விடறேன்."

விடுதிக்கு அனுப்பும் கோரிக்கை தள்ளுபடியானது. ஜேலின் அன்று பள்ளியிலிருந்து பேருந்தில் மலைச் சாலைக்கே திரும்பினாள். அவளுடைய தாய் முழுதாகத் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குத் தேறினாள். பிற்பாடு சட்டப்படி பொறுப்பு வில்மாவுக்கு வந்தது. அதுவரை டெல்பர்ட் மாறவில்லை. மாதம் தவறாமல் போனார், காய் விளையாட்டில் ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை, குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்தவில்லை. வில்மா அவர் பார்ப்பதற்கென்றே முன்தட்டில் பாதிப் பழக் கேக்கை மூடிவைக்க ஆரம்பித்தார். அவர் அதை எழுதிக்கொள்வார். தின்னவும் செய்வார்.

யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்ததா என்று ஒருமுறை கேட்டேன். கிடைத்தது என்றார். குழந்தைக்காகக் கேள்வி கேட்க ஆளில்லாதபோது எல்லோருக்குமே லாபம்தான், நேரம் மிச்சம் என்றார். அதற்குப் பிறகு அவர் குழந்தைகள் துறையோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டு எங்கள் மாவட்டத்தில் குப்பைப் பையை ஒழித்தார். ரோவீனாவுக்காக ஆள் சேர்க்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார். கெஞ்ச மாட்டார். கோல்ஃப் ஆடுகிறவர்களிடமும் மீன் பிடிக்கிறவர்களிடமும் போய், நீங்கள் ஜெபிக்கிற குழந்தையின் பெயர் என்ன, சொல்லுங்கள் என்று கேட்பார். யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் திட்டி அனுப்பினார்கள். மீதிப் பேரில் சிலர் வந்தார்கள், பாதிரியார் உள்பட. இன்றைக்கு எங்கள் வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். யாரும் புனிதர்கள் இல்லை. எல்லோரும் தொல்லை கொடுக்கிறவர்கள்.

இதைப் படிக்கிற உங்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பீர்கள். கணக்குத் தணிக்கை செய்தவர், வகுப்பெடுத்தவர், காவல் நிலையத்தில் இருந்தவர், யார் பொய் சொல்கிறார்கள் என்று முகம் பார்த்தே சொல்லக்கூடியவர். உங்கள் ஊரிலும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற நீதிமன்றமோ குழுவோ இருக்கிறது. இந்த வாரமே அங்கே போங்கள். இந்தக் குழந்தைகளுக்காகப் பேச யார் இருக்கிறார், அவர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார் என்று கேளுங்கள். உங்களையும் சந்தேகிப்பார்கள், சந்தேகிக்கட்டும், விசாரிக்கச் சொல்லிக் கையை நீட்டுங்கள். யாரும் இல்லை என்று பதில் வந்தால், ஒரு குழந்தையின் பெயரைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.